மடித்த கூரை எங்கே போகிறது? திறந்த சொகுசு கார்களின் அழகைப் பற்றிய சண்டைக்குப் பின்னால்

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது திருப்பூரில் பேச்செல்லாம் பனியனைப் பற்றித்தான். பின்னலாடைக்குப் பிரிட்டன் வாங்கிவந்த சுங்கவரி இல்லாமல் போகிறது என்றால் அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன? அதே ஒப்பந்தத்தில் எதிர்த்திசையில் வரும் சரக்குப் பட்டியலில் கார் இருந்தது. இந்தியாவில் 100 சதவீதத்தையும் தாண்டியிருந்த கார் இறக்குமதி வரி, ஆண்டுக்கு இத்தனை வண்டி என்ற ஒதுக்கீட்டுக்குள் வருபவற்றுக்குப் படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், ரோல்ஸ்-ராய்ஸ் எல்லாமே பிரிட்டனில் கட்டப்படும் வண்டிகள்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் டாப் திறக்கும் கார்களிடம் வந்துதான் நிற்கிறது. அங்கேதான் கருத்தும் பிளக்கிறது. ஒரே வண்டியின் படத்தைப் பார்த்து ஒருவர் "எத்தன எடுப்பா இருக்குதுங்க" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் "பின்னால ஒரே மொத்தையா இருக்குது" என்கிறார். ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் திறந்த கார் விஷயத்தில் இந்தச் சண்டைக்கு ஒரு பொறியியல் வேர் இருக்கிறது. கூரையை மடித்தால் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அது. அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் சொல்லும் பதில்தான் நாம் பார்க்கும் வடிவம்.

முதலில் சில சொற்கள்

1. கன்வர்டிபிள்: தேவைப்பட்டால் கூரையைத் திறந்து மூடக்கூடிய கார். பிரிட்டனில் பழைய பெயர் டிராப்ஹெட். ஆஸ்டன் மார்ட்டின் வொலாண்டே என்கிறது, ஃபெராரி ஸ்பைடர் என்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

2. சாஃப்ட் டாப்: உலோகச் சட்டத்தின் மேல் பல அடுக்குத் துணி போர்த்திய கூரை. பழைய ஜீப்பின் தார்ப்பாயை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெளித்துணி, நடுவில் சத்தத்தையும் வெப்பத்தையும் தடுக்கும் அடுக்குகள், உள்ளே தலைக்கு மேல் தெரியும் துணி என்று இது தடிமனானது.

3. ஹார்ட்டாப்: தகடாலான கூரை. இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி டிக்கிக்குள் இறங்கும்.

4. இடுப்புக்கோடு: கதவுக் கண்ணாடி தொடங்கும் இடத்தில் வண்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக ஓடும் கோடு. கூரை இல்லாத வண்டியில் கண் முதலில் பிடிப்பது இதைத்தான்.

5. பின்தளம்: பின்சீட்டின் முதுகுக்கும் டிக்கியின் கடைசி விளிம்புக்கும் இடையிலுள்ள பரப்பு. சண்டை எல்லாம் நடக்கும் இடம்.

சேஸ் ஓரிடம், பாடி ஓரிடம்

கார் அழகைப் பற்றிப் பேசும் தகுதி கொங்கு நாட்டுக்கு நிறையவே உண்டு. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடியும் போர்வெல் வண்டியும் பட்டறைகளில் உருவாகின்றன. ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வெறும் சேஸ் கிளம்பி வரும். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், தற்காலிகமாக ஒரு இருக்கை, அவ்வளவுதான். வெயிலுக்கும் காற்றுக்கும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டிரைவர் அதை ஓட்டிவருவதைத் தேசிய நெடுஞ்சாலையில் பார்க்காதவர் குறைவு. பட்டறைக்கு வந்த பிறகுதான் அதற்கு முகமும் முதுகும் வருகின்றன. ஜன்னல் எத்தனை உயரத்தில் தொடங்க வேண்டும், பின்பக்கம் எப்படி வளைய வேண்டும் என்பதை வண்டிக்காரரும் மேஸ்திரியும் பேசி முடிவு செய்கிறார்கள்.

ரோல்ஸ்-ராய்ஸும் பென்ட்லியும் இதே முறையில் விற்கப்பட்ட காலம் உண்டு. இரண்டாம் உலகப் போர் வரை கம்பெனி கொடுத்தது சேஸும் இன்ஜினும் மட்டும். பார்க்கர், ஹூப்பர், முல்லினர், பார்க் வார்டு போன்ற பாடி கட்டும் கம்பெனிகளிடம் வாடிக்கையாளர் போய், தனக்கு வேண்டிய உடலைக் கட்டிக்கொண்டார். ஒரே சேஸின் மேல் ஒருவர் மூடிய வண்டியும் இன்னொருவர் திறந்த வண்டியும் கட்டினார்கள். நம் நாட்டு மகாராஜாக்கள் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

போருக்குப் பிறகு 1949-இல் வந்த சில்வர் டான்தான் கம்பெனியே இரும்பு உடலையும் சேர்த்து விற்ற முதல் ரோல்ஸ்-ராய்ஸ். அப்போதும் திறந்த வண்டி கேட்டவர்களுக்குத் தனியாகத்தான் பாடி கட்டினார்கள். 1950-லிருந்து 1954 வரை அப்படி உருவானவை மொத்தம் 28. பிறகு 1965-இல் வந்த சில்வர் ஷேடோ கதையை மாற்றியது. அதில் தனிச் சேஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடு. அந்தக் கூட்டில் கூரையும் சுமை தாங்குகிறது.

இங்கேதான் திறந்த காரின் தலைவலி தொடங்குகிறது. தனிச் சேஸ் இருந்தவரை கூரையை எடுத்தால் பெரிய நட்டமில்லை, கீழேயிருக்கும் இரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். ஒரே கூடாகக் கட்டிய வண்டியில் கூரையை வெட்டினால், மேடு பள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டமும் டேஷ்போர்டும் நடுங்கும். அதைத் தடுக்கக் கதவுக்கடியிலுள்ள பக்கச் சட்டங்களையும் முன்கண்ணாடித் தூண்களையும் தடிமனாக்கித் தரைக்கடியில் குறுக்குச் சட்டம் போடுவார்கள். எடை ஏறும். 2015-இல் அறிமுகமான ரோல்ஸ்-ராய்ஸ் டான் இரண்டரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. தடித்த தூணும் உயர்ந்த பக்கச்சுவரும் வடிவமைப்பாளர் ஆசைப்பட்டு வைத்தவை என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிக்குமேல் அவை வலிமைக்காக வந்தவை.

கணக்கு: கூரைக்கு இடம் வேண்டும்

நான்கு பேர் உட்காரும் வண்டியின் கூரை நீளமானது. திறந்தால் அது பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே மறைய வேண்டும். இதில் மூன்று வழிகள்தான் உண்டு, மூன்றிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

1. துணிக்கூரை. சட்டம் மடங்க, துணி அதோடு சுருண்டு, சிறிய இடத்தில் அடங்கிவிடும். பின்தளம் தாழ்வாக இருக்கலாம், டிக்கியில் பெட்டி வைக்கவும் இடமிருக்கும். சத்தம், வெப்பம், பராமரிப்பு ஆகியவற்றில் கவனம் வேண்டும்.

2. தகட்டுக்கூரை. மூடினால் சாதாரணக் கார் போலவே உறுதி. ஆனால் தகடு சுருளாது, அடுக்கித்தான் வைக்க வேண்டும். அடுக்குக்கு உயரம் வேண்டும், அதனால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். திறந்தபோது டிக்கியில் மிஞ்சும் இடமும் குறைவு.

3. கூரையே மடியாமல் விடுவது. கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது, அல்லது கூரையே இல்லாமல் கட்டுவது.

1996-இல் மெர்சிடஸ் எஸ்எல்கே வந்த பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள் இரண்டாம் வழிதான் ஓடியது. 2001-இல் அதே கம்பெனியின் பெரிய எஸ்எல் வண்டியும் தகட்டுக்கு மாறியது. பொத்தானை அழுத்தினால் இரும்புக்கூரை பிரிந்து மறைவதைப் பார்த்து உலகமே வாய்பிளந்த காலம் அது. பிறகு காற்று திரும்பியது. 2021-இல் வந்த எஸ்எல் மறுபடி துணிக்கே போனது, அந்த மாற்றத்தால் மட்டும் 21 கிலோ எடை குறைந்தது. 2023-இல் ஃபெராரி ரோமா ஸ்பைடரைத் துணிக்கூரையோடு காட்டியது. முன்பக்கம் இன்ஜின் வைத்த ஃபெராரியில் 1969-க்குப் பிறகு அதுவே முதல் துணிக்கூரை. 13.5 விநாடியில், வண்டி 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே திறக்கிறது.

மலிவான வண்டியில்தான் துணி, விலையுயர்ந்த வண்டியில் இரும்பு என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். மிக உயர்ந்த வகுப்பில் நிலைமை நேர்மாறு. ரோல்ஸ்-ராய்ஸ் டானும், பென்ட்லி கான்டினென்டல் ஜிடிசியும், 2016-இல் 300 வண்டிகள் மட்டும் என்று அறிவிக்கப்பட்ட மெர்சிடஸ்-மேபாக் எஸ்650 கேப்ரியோலேயும் துணிக்கூரைதான். டானின் கூரை திறக்க 20 விநாடிக்குச் சற்று மேல் ஆகும், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். இந்த வகுப்பில் துணியைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் பின்தளத்தைத் தாழ்வாக வைக்கும் ஆசை.

முன்கண்ணாடிக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கண்ணாடியை நன்றாகப் பின்னால் சாய்த்தால் அதன் மேல்விளிம்பு ஓட்டுபவரின் நெற்றிக்கு அருகே வந்துவிடும். கூரையின் நீளம் குறைந்து மடிப்பது எளிதாகும். ஆனால் திறந்த வண்டியில் உட்கார்ந்தும் தலைக்கு மேல் பாதி மூடியிருப்பது போலத் தோன்றும். கண்ணாடியை நிமிர்த்தினால் வானம் முழுதாகத் தெரியும், கூரையோ நீண்டுபோகும். சாய்ந்த கண்ணாடியை வேகத்தின் அழகு என்பவரும் நிமிர்ந்த கண்ணாடியைக் கம்பீரம் என்பவரும் ஒருவர் கட்சிக்கு ஒருவர் வரப்போவதில்லை. இருவர் கேட்பதையும் ஒரே வண்டியில் கொடுக்க இடம் இல்லை.

கூரையைத் துறந்தால் என்ன கிடைக்கிறது

மூன்றாவது வழிக்கு நல்ல உதாரணம் 2021-இல் ரோல்ஸ்-ராய்ஸ் காட்டிய போட் டெயில். மூன்றே வண்டிகள், ஒவ்வொன்றும் தனி வாடிக்கையாளருக்காக. கிட்டத்தட்ட 5.8 மீட்டர் நீளம். பின்பக்கம் படகின் வால் போலக் கூம்பி, தாழ்ந்து, மரத்தகடு பதித்து முடிகிறது. அந்தப் பின்தளம் நடுவில் பிளந்து இரு பக்கமும் சிறகு போல எழும். உள்ளே விருந்துக்கான தட்டு, கோப்பை, குளிர்பெட்டி, நடுவிலிருந்து விரியும் குடை. இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது? மடிந்த கூரை குடியிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால். போட் டெயிலுக்கு மடியும் கூரை கிடையாது. தனியாக மாட்டிக் கழற்றும் கூரை உண்டு, வழியில் மழை பிடித்தால் நிறுத்திப் போர்த்த ஒரு தற்காலிக உறை உண்டு.

2020-இல் பென்ட்லி 12 மட்டும் கட்டிய பக்காலாருக்குக் கூரையே இல்லை. 2023-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் டிராப்டெயிலுக்குக் கழற்றி வைக்கும் கடினக் கூரை. மூன்றையும் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்து, எவ்வளவு மெலிந்து முடிகிறது என்பது தெரியும். "பழைய வண்டிங்க மாதிரி இப்ப ஏன் கட்டறதில்ல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கே இருக்கிறது. கட்ட முடியும், மழையில் நனையச் சம்மதித்தால்.

என் கணக்கில், கடந்த 20 ஆண்டுகளில் பிறந்த திறந்த கார்களில் போட் டெயிலின் பின்பக்கத்துக்கு ஈடு இல்லை. ஆனால் அதை அன்றாடம் ஓட்டும் வண்டியோடு ஒப்பிட்டு, டானையோ பென்ட்லியையோ குறை சொல்வது நியாயமாகாது. வேறு வேறு கேள்விக்கு எழுதிய விடைகள் அவை.

எதற்கெல்லாம் சண்டை

1. கூரை போட்ட தோற்றம். விளம்பரப் படம் எல்லாமே கூரை திறந்து எடுத்தது. வாங்கிய பிறகு வண்டி பெரும்பாலும் மூடியேதான் ஓடும். கரூர் பரமத்தி தமிழ்நாட்டின் உச்ச வெப்பப் பட்டியலில் அடிக்கடி வரும் ஊர். ஏப்ரல், மே நண்பகலில் 40 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் யார் டாப்பைத் திறப்பார்கள்? ஆகவே மூடிய வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டான் இதில் நன்றாகத் தேறுகிறது. கூரையை மூடினால் தாழ்ந்து நீண்ட கூப்பே (இரண்டு கதவுள்ள மூடிய கார்) போலவே இருக்கும், துணிக்கடியிலுள்ள சட்டக் கம்பிகள் வெளியே துருத்திக்கொண்டு தெரியாது. அதற்குக் கொடுத்த விலை, பின்கண்ணாடி சிறிது, பின்பக்க ஓரத்தில் துணி அகலம். அந்த அகலத்தைத்தான் பிடிக்காதவர்கள் மொத்தை என்கிறார்கள்.

2. மரமும் இரும்பும். 2007-இல் வந்த ஃபாண்டம் டிராப்ஹெட் கூப்பே இந்தச் சண்டையின் தலைவாசல். பானட்டையும் முன்கண்ணாடிச் சட்டத்தையும் பெயிண்ட் அடிக்காத, ஒரே திசையில் தேய்த்து மெருகேற்றிய எவர்சில்வர் தகட்டில் வாங்கலாம். கூரையை மூடிவைக்கும் பின்தளத்தைத் தேக்குப் பலகையில் வாங்கலாம். உல்லாசப் படகின் மேல்தளத்திலிருந்து எடுத்த யோசனை. தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் வெயிலையும் நீரையும் தாங்கும், கப்பல்காரர்கள் அதை விரும்பியதும் அதனால்தான். ஆனைமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் தள்ளிவிட்டதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே வந்தது.

பிடிக்காதவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கடற்கரை ஊரில் படகு நினைவு பொருந்தும், கடலே இல்லாத அவினாசி ரோட்டில் அதற்கென்ன வேலை என்பது ஒரு வாதம். தேய்த்த எவர்சில்வரில் விரல் தடம் பளிச்சென்று தெரியும், மதிய வெயிலில் கண்ணைக் கூசும் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் வாதம் நிற்காது. மரம் இருக்கும் இடம் சரியாக இருந்தால் கடல் எங்கே என்று கண் தேடாது.

3. முத்திரையும் கோடும். 2024 ஆகஸ்டில் காட்டி, மறு ஆண்டு இந்தியாவுக்கும் வந்த மெர்சிடஸ்-மேபாக் எஸ்எல்680 பானட்டில் கம்பெனியின் சின்னத்தைச் சிறிது சிறிதாக வரிசையாக அச்சடித்துத் தருகிறார்கள். கைப்பைகளில் பார்த்த பழக்கம். வண்டியின் பெருமை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது கொண்டாட்டம். எனக்கு இது ஒப்பவில்லை. பானட் என்பது அந்த வண்டியிலேயே மிகப் பெரிய, மிக அமைதியான பரப்பு. அதன் வளைவில் ஒளி வழுக்கி ஓடுவதற்காகத்தான் வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் உழைக்கிறார். அதன் மேல் நூறு சின்னத்தைத் தெளித்தால் ஒளி எங்கே ஓடும்?

இதற்கு எதிர்முனையில் ரோல்ஸ்-ராய்ஸின் பக்கவாட்டுக் கோடு. மெல்லிய தூரிகையால் கையாலேயே முன்னிருந்து பின்வரை இழுக்கிறார்கள். நாமக்கல் லாரிப் பட்டறையில் கோடு இழுக்கும் ஓவியர் அதைப் பார்த்தால், கையை எங்கே ஊன்றி, மூச்சை எப்போது பிடித்து இழுத்திருப்பார்கள் என்று சரியாகச் சொல்லிவிடுவார். நம் லாரிகளில் கோடு நிறையத்தான், பூவும் உண்டு, பெயரும் உண்டு. இருந்தாலும் நல்ல ஓவியர் உடம்பின் வளைவை ஒட்டியே கோட்டைக் கொண்டுபோவார், அதை மறைத்து வரைய மாட்டார்.

4. இரட்டை நிறம். பானட் ஒரு நிறம், பக்கம் ஒரு நிறம், கூரைத்துணி மூன்றாவது நிறம். இதில் பெரிய தத்துவம் இல்லை. இடுப்புக்கோடு தாழ்ந்த வண்டிக்கு இரட்டை நிறம் எடுக்கும், உயர்ந்த வண்டியை இன்னும் கனமாகக் காட்டும்.

நம் ஊர் வெயிலில் என்ன மாறுகிறது

ரசனை இடத்தோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் மேகமூட்டமான வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த நிறம் பல்லடம் வெயிலில் வேறாகத் தெரியும். வாங்குபவர் கவனிக்க வேண்டியவை:

1. கூரைத்துணியின் நிறம். கறுப்பும் கருநீலமும் படத்தில் அழகு. ஆனால் வெப்பத்தை அதிகம் உறிஞ்சுபவையும் அவைதான், நம் ஊர்ப் புழுதியும் அவற்றில்தான் பளிச்சென்று தெரியும். பழுப்பு, சாம்பல் கலந்த நெசவு இரண்டுக்கும் தோது. பென்ட்லி 2018 முதல் ட்வீட் கம்பளித் துணி போலத் தெரியும் கூரைத்துணியையும் தருகிறது. பலநிற நூல் கலந்த அந்த நெசவில் தூசி மறைந்துவிடும். துணியில் நூல் எண்ணிப் பார்க்கும் ஊர்க்காரர்கள் கூரைத்துணியை வெறும் நிற அட்டையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கையில் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்க்கட்டும்.

2. உள் தோல். திறந்த வண்டியில் சீட்டும் டேஷ்போர்டும் வெளித்தோற்றத்தின் பகுதி. வெள்ளைத் தோல் எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வெளிர்நிற டேஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். டேஷ்போர்டின் மேல்பக்கத்தை அடர்நிறமாகக் கேட்பது நல்லது.

3. காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள். திறந்த காரில் காற்று முன்கண்ணாடியைத் தாண்டிப்போய்ப் பின்னாலிருந்து சுழன்று கழுத்தில் அடிக்கும். அதைத் தடுக்கப் பின்சீட்டின் மேல் ஒரு வலைத்தடுப்பு மாட்டுவார்கள். மாட்டினால் பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது, பக்கவாட்டுத் தோற்றமும் கெடும். நிமிர்ந்த கண்ணாடி, தாழ்ந்த இடுப்புக்கோடு என்று அழகைத் தேடிப் போகிறவர்களுக்குக் காற்றும் கூடவே வரும்.

பேட்டரி வந்த பிறகு

டான் உற்பத்தி 2023-இல் நின்றுவிட்டது. இன்று பிரிட்டனிலிருந்து வரிசையில் கட்டி வரும் நான்கு சீட் திறந்த சொகுசு வண்டி என்றால் முதலில் நிற்பது பென்ட்லி ஜிடிசிதான். அடுத்து மின்சாரத்தின் முறை. அது இந்தச் சண்டையைக் கூட்டத்தான் போகிறது.

மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கடியில் பரந்து கிடக்கும். தரை உயரும், தரையோடு சீட்டு உயரும், சீட்டோடு இடுப்புக்கோடு உயரும். மூடிய எஸ்யுவியில் இந்த உயரம் தெரியாது. திறந்த காரில் மறைக்க இடமே இல்லை. கூரையை எடுத்தவுடன் சுவர் மட்டும் மிஞ்சும், அது உயரமாக இருந்தால் தொட்டிக்குள் உட்கார்ந்தது போலத்தான் தெரியும். 2024-இல் வந்த மசெராட்டி கிரான்கேப்ரியோ ஃபோல்கோரே இதற்கு ஒரு வழி கண்டது. பேட்டரியைத் தரை முழுக்கப் பரப்பாமல், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவிலுள்ள மேட்டிலும் பின்சீட்டுக்கடியிலுமாக ஆங்கில T எழுத்து வடிவில் அடுக்கினார்கள். ஓட்டுபவரின் இடுப்புக்கடியில் பேட்டரி இல்லாததால் சீட்டைப் பெட்ரோல் வண்டியின் உயரத்திலேயே வைக்க முடிந்தது. தரையெங்கும் பரப்பியிருந்தால் இன்னும் பெரிய பேட்டரி வைத்திருக்கலாம், ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் போயிருக்கும். அந்தத் தூரத்தைக் கொடுத்துத்தான் இடுப்புக்கோட்டைத் தாழ்த்தினார்கள்.